"கவர்ச்சர்" என்னும் சட்டநிலைக்கு "மணவொடுக்கம்": ஒரு பரிந்துரை

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் குடியரசின் தொடக்ககாலப் பெண்கள் வரலாற்றைத் தமிழாக்கிவரும் நம் உறுப்பினர் மணமான பெண்ணின் சட்ட இருப்பு கணவனுடையதற்குள் போய்விடும் நிலையைக் குறிக்கும் "கவர்ச்சர்" (coverture) என்னும் ஆங்கிலச் சட்டச் சொல்லுக்கு இணை கேட்டதிலிருந்து, இந்த இழையில் கணவன்காப்பு, மணமறைப்பு, சட்டமரணம், மணவடக்கம் என நான்கு சொற்கள் வந்துள்ளன. நான்கும் சிந்தித்து ஆக்கப்பட்டவை. ஆயினும் நான்கையும் ஏற்கத் தயங்குகிறேன். ஐந்தாவதாக "மணவொடுக்கம்" என்பதைப் பரிந்துரைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்தச் சொல்லைச் சுற்றித்தான் அமெரிக்கப் பெண்ணிய வரலாற்றாசிரியர்களின் மிக முக்கியமான கருத்து மோதல் ஒன்று நிகழ்ந்திருக்கிறது. அந்த மோதலில் எந்தத் தரப்பின் நூலை மொழிபெயர்த்தாலும் நம் சொல் பொருந்தியாக வேண்டும்.

முதலில், சொல் குறிக்கும் நிலை எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி (காமன் லா), ஒரு பெண் மணம் செய்துகொண்டதும் அவளுடைய அசையும் சொத்து கணவனுக்கு உரியதாகிவிடும். நிலம் அவள் பெயரில் நீடித்தாலும் அதன் ஆட்சியும் வருமானமும் கணவன் கைக்குப் போகும். அவள் தனித்து ஒப்பந்தம் செய்ய முடியாது. வழக்குத் தொடுக்கவோ, வழக்கை எதிர்கொள்ளவோ முடியாது. கணவன் இசைவின்றி எழுதும் உயில் செல்லாது. அவள் ஈட்டும் கூலியும் அவனுடையதே. ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1765இல் வெளியிட்ட ஆங்கிலச் சட்ட விளக்கவுரையின் முதல் தொகுதியில் இதற்கு ஒரு கோட்பாடு தந்தார். கணவனும் மனைவியும் சட்டத்தின் பார்வையில் ஓர் ஆள். பெண்ணின் சட்ட இருப்பு மணக்காலத்தில் நிறுத்திவைக்கப்படுகிறது, அல்லது கணவனின் இருப்புக்குள் இணைந்து ஒன்றாகிவிடுகிறது. அவனுடைய சிறகின் கீழ், அவன் காப்பின் கீழ் அவள் எல்லாவற்றையும் செய்கிறாள் என்பது அவர் கூற்று. இந்நிலையில் உள்ள மனைவிக்கு "ஃபெம் கவர்ட்" என்றும், மணமாகாதவளுக்கும் கைம்பெண்ணுக்கும் "ஃபெம் சோல்" என்றும் பெயர். இவை பழைய ஆங்கில நீதிமன்றங்களில் வழங்கிய சட்டப் பிரெஞ்சுச் சொற்கள். கணவனைக் குறிக்க அதே சட்டப் பிரெஞ்சில் வழங்கிய சொல் "பாரன்", அதாவது பிரபு. டாப்பிங் ரீவ் 1816இல் அமெரிக்காவில் வெளியிட்ட குடும்பச் சட்ட நூலின் தலைப்பிலேயே பாரனும் ஃபெம்மும் இணையாக நிற்கிறார்கள். குடியரசு அமைந்து நாற்பது ஆண்டுகள் ஆன பின்னும், மன்னரையும் பிரபுக்களையும் துறந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் கணவன் பிரபுவாகவே இருந்தான்.

"கணவன்காப்பு" என்னும் சொல்லை நம் சட்டத்துறை நண்பர் முன்வைத்தபோது, பிளாக்ஸ்டனே காப்பு என்ற சொல்லை ஆள்கிறார் என்று காட்டினார். அது உண்மைதான். ஆனால் காப்பு என்பது அந்த நிலையின் வரையறை அன்று. அந்த நிலைக்கு அதன் ஆதரவாளர் சொன்ன நியாயம். மனைவி மீதுள்ள தடைகள் பெரும்பாலும் அவளுடைய பாதுகாப்புக்காகவும் நன்மைக்காகவும் ஏற்பட்டவையே என்றும், இங்கிலாந்தின் சட்டங்களுக்குப் பெண்ணினத்தின் மேல் அவ்வளவு பரிவு உண்டு என்றும் சொல்லித்தான் அவர் அந்த அத்தியாயத்தை முடிக்கிறார். நாம் "காப்பு" என்று பெயரிட்டால், பெண்ணிய வரலாற்றாசிரியர்கள் எந்த முடிவுரையை ஆராய வந்தார்களோ அதையே சொல்லின் வயிற்றில் வைத்து வாசகருக்குக் கொடுத்தவர்கள் ஆவோம். "கணவன்காப்பிலிருந்து விடுபட அவள் போராடினாள்" என்ற வாக்கியத்தைப் படிக்கும் தமிழ் வாசகர், அவள் ஏன் போராடினாள் என்று விளங்காமல் திகைப்பார்.

எதிர்முனையில் நிற்பது "சட்டமரணம்". 1848 சூலையில் அமெரிக்காவின் செனிகா ஃபால்ஸில் கூடிய பெண்ணுரிமை மாநாடு ஏற்ற உணர்வுகளின் பறைசாற்றல், மணமான பெண்ணை ஆண் சட்டத்தின் கண்ணில் குடிமை நிலையில் இறந்தவளாக்கிவிட்டான் என்று குற்றம் சாட்டியது. இந்தச் சொல்லை முன்மொழிந்த அம்மையார் அந்த வரியை நினைவூட்டியது மிகப் பொருத்தம். எனினும் அது போராட்டத்தின் மொழி. சட்டத்தில் குடிமை மரணம் என்பது வேறு ஒரு நிலையின் பெயர். கடுங்குற்றவாளிகளுக்கும், பழைய இங்கிலாந்தில் துறவு மடம் புகுந்தவர்களுக்கும் உரியது. மேலும், உரிமைகளைப் பொறுத்தவரை இல்லாதவளாக இருந்த மனைவி, தண்டனையைப் பொறுத்தவரை முழுமையாக இருந்தாள். அவள் கொலை செய்தால் தண்டனை அவளுக்கே. கணவனைக் கொன்றால் ஆங்கிலச் சட்டம் அதைச் சாதாரணக் கொலையாகக் கொள்ளாமல் சிறு அரசத்துரோகம் என்றே வகைப்படுத்தியது. இறந்தவளுக்கு இத்தனை கடமைகள் இருக்க இயலாது.

இந்த இரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம்தான் வரலாற்றாசிரியர்களின் விவாதம் நடந்த இடம். மேரி ரிட்டர் பியர்ட் 1946இல் வெளியிட்ட நூலில், பெண் வரலாறு நெடுகிலும் அடிமைப்பட்டே கிடந்தாள் என்பது ஒரு கட்டுக்கதை என்று வாதிட்டார். பிளாக்ஸ்டனின் ஒரு பத்தியை வேதவாக்காக எடுத்துக்கொண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு உரிமைப் போராளிகள், சமநெறி (ஈக்விட்டி) நீதிமன்றங்களைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. மணத்துக்கு முன் பொறுப்பாட்சி ஆவணம் எழுதி, மனைவியின் சொத்தைத் தனியே காத்துக்கொள்ள அந்த நீதிமன்றங்கள் வழி தந்தன. எனவே பெண்களின் கடந்த காலம் என்பது செயலின் வரலாறேயன்றி இன்மையின் வரலாறு அன்று என்றார் பியர்ட். அவரை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பெண்ணை வெறும் பாதிக்கப்பட்டவளாகவே காணும் வரலாறு, அவள் செய்தவற்றை மீண்டும் ஒருமுறை அழித்துவிடும் என்ற அவருடைய கவலை இன்றும் உயிருள்ளது. ஆனால் பிற்கால ஆய்வுகள் அந்த வாதத்தின் அளவைச் சுருக்கின. மேரிலின் சால்மன் 1986இல் வெளியிட்ட ஒப்பாய்வில், சொத்துச் சட்டம் அமெரிக்காவிலிருந்த ஆங்கிலேயக் குடியேற்ற நாடுகளுக்கிடையே எவ்வளவு வேறுபட்டது என்பது தெரிந்தது. மாசசூசெட்ஸ், கனெக்டிகட் போன்ற இடங்களில் தனிச் சமநெறி நீதிமன்றமே இல்லை. இருந்த இடங்களிலும் வழக்கறிஞரை அமர்த்தி ஆவணம் எழுதும் வசதி செல்வர் வீட்டுப் பெண்களுக்கே வாய்த்தது.

1980இல் இரண்டு முக்கிய நூல்கள் வந்தன. மேரி பெத் நார்ட்டன், அமெரிக்கப் புரட்சிப் போரின் ஆண்டுகளில் கணவர் இல்லாத வீட்டையும் பண்ணையையும் கடனையும் நடத்திய பெண்கள் தம்மைப் பற்றிய எண்ணத்தையே மாற்றிக்கொண்டார்கள் என்பதைக் கடிதங்களைக் கொண்டு காட்டினார். தொடக்கத்தில் "உங்கள் பண்ணை" என்று கணவனுக்கு எழுதியவள், சில ஆண்டுகளில் "நம் பண்ணை" என்று எழுதத் தொடங்குவதை அவர் கவனித்தார். லிண்டா கெர்பர் சட்டத்தின் பக்கமிருந்து பார்த்தார். ஆங்கிலேயச் சட்டத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எண்ணி எண்ணித் தேர்ந்த புரட்சித் தலைவர்கள், மனைவிக்கும் கணவனுக்கும் இடையிலான சட்டத்தை மட்டும் ஏறத்தாழ அப்படியே விட்டுவைத்தார்கள் என்பதே அவர் கண்டது. எனக்குக் கெர்பரின் கேள்வியே ஆழமானதாகப் படுகிறது. அரசியல் கடப்பாடு என்பது சுதந்திரமான ஆளின் இசைவிலிருந்து பிறக்கிறது என்று அறிவித்த ஒரு நாட்டில், இசைவு தரும் தகுதி சட்டப்படி இல்லாத பாதி மக்கள் எந்த வகையில் குடிமக்கள்?

இதற்கு அவர் எடுத்துக்கொண்ட வழக்கை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. பாஸ்டனில் தந்தையிடமிருந்து நிலம் பெற்ற ஆனா மார்ட்டின், பிரித்தானியப் படை அதிகாரியான கணவனோடு புரட்சிப் போரின்போது நாட்டைவிட்டு வெளியேறினார். மாசசூசெட்ஸ் அரசு அந்த நிலத்தைப் பறிமுதல் செய்தது. பின்னர் மகன் ஜேம்ஸ் மார்ட்டின் அதை மீட்க வழக்குத் தொடுத்தார். பெண்ணும் இந்த மாநிலத்தின் குடியிருப்பாளரே, துரோகம் செய்யும் ஆற்றல் அவளுக்கும் உண்டு, ஆகவே பறிமுதல் செல்லும் என்று வாதிட்டவர் அரசு வழக்கறிஞர் ஜேம்ஸ் சல்லிவன். மனைவிக்குத் தனி விருப்பமே கிடையாது, கணவன் போகுமிடம் போவது அவள் கடமை, எனவே அவள் அரசைக் கைவிட்டவள் ஆகமாட்டாள் என்பது எதிர்வாதம். 1805இல் நீதிமன்றம் மகன் பக்கம் தீர்ப்பளித்தது. நிலம் திரும்பக் கிடைத்தது. ஆனால் குடியரசுக்குத் துரோகம் செய்யக்கூட இயலாதவள் மனைவி என்பது அதற்குக் கொடுத்த விலை. "காப்பு" என்று பார்த்தால் இது அவள் குடும்பத்துக்குக் கிடைத்த நன்மை. "மரணம்" என்று பார்த்தால் அவள் குடிமைத் தகுதியின் மறுப்பு. இரண்டும் ஒரே தீர்ப்புக்குள் இருக்கின்றன. நம் சொல் இந்த இரண்டையும் தாங்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

இதே சல்லிவனுக்குத்தான் 1776 மே 26 அன்று, பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ், வாக்குரிமைக்கான சொத்துத் தகுதியைத் தொட வேண்டாம், தொட்டால் பெண்களும் வாக்குக் கேட்பார்கள் என்று எச்சரித்து எழுதினார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச் 31 அன்று, அபிகேல் ஆடம்ஸ் கணவருக்கு எழுதிய கடிதம் எல்லோரும் அறிந்தது. பெண்களை நினைவில் வையுங்கள் என்ற வரி மட்டுமே மேற்கோளாகச் சுற்றிவருவதால், அவர் வாக்குரிமை கேட்டார் என்று பலர் எண்ணுகிறார்கள். அடுத்த வரியைப் படித்தால் தெரியும்: கணவர்களின் கையில் இத்தகைய வரம்பற்ற அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்கிறார். அவர் கை வைத்தது நாம் பெயர் தேடும் இந்தச் சட்டநிலையின் மேல். கணவர் அதைச் சிரித்துத் தள்ளினார். 1816இல், கணவர் உயிரோடிருக்கும்போதே, அபிகேல் தம் கைப்பட ஓர் உயில் எழுதினார். உடைமைகளைப் பெரும்பாலும் பேத்திகளுக்கும் உறவுப் பெண்களுக்கும் பணிப்பெண்களுக்கும் பகிர்ந்தார். சட்டம் இல்லை என்று சொன்ன விருப்பத்தை அவர் இருப்பதாகவே வைத்து எழுதினார். அவர் இறந்த பின் கணவரும் அதை மதித்தார். பியர்ட் வழி நிற்பவர் இதைப் பெண்ணின் செயலாற்றலுக்குச் சான்றாகக் காட்டுவார். கெர்பர் வழி நிற்பவர், மதிப்பதும் மதிக்காததும் கணவரின் மனத்தைப் பொறுத்திருந்ததே என்பார்.

நியூ ஜெர்சியையும் சொல்ல வேண்டும். அதன் 1776 அரசமைப்பு, ஐம்பது பவுண்டு சொத்துள்ள வயதுவந்த குடியிருப்பாளர் எல்லோருக்கும் வாக்கு என்றது. 1790ஆம் ஆண்டுச் சட்டம் சில மாவட்டங்களுக்கு "அவன் அல்லது அவள்" என்றே எழுதியது. 1797இல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. 1807இல் வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வாக்களித்தவர்கள் பெரும்பாலும் கைம்பெண்களும் மணமாகாத பெண்களும். மனைவியருக்குத் தடையாக நின்றது பால் அன்று, மணம். ஐம்பது பவுண்டு இருந்தாலும் அது அவளுடையதாகக் கணக்கிடப்படவில்லை. ஆகவே நம் கலைச்சொல்லில் "மண" என்னும் முதலுறுப்பு இருந்தே ஆக வேண்டும். "பெண்" என்று தொடங்கும் எந்தச் சொல்லும் இந்த வேறுபாட்டை மழுங்கடித்துவிடும்.

இனி "மணமறைப்பு". சொல்லின் பிறப்பை நோக்கினால் மற்ற மூன்றைவிட இதுவே மூலத்துக்கு அணுக்கமானது. கவர்ட் என்றால் மூடப்பட்டவள்தான். சிக்கல் தமிழில் இருக்கிறது. "மணமறைப்பு" என்று கேட்டதும் திருமணத்தை மறைத்தல் என்றே பொருள் கொள்வோம். முதல் மணத்தை மறைத்து இரண்டாவது செய்துகொண்டவன் மேல் வரும் வழக்குக்கு இந்தச் சொல் அழகாகப் பொருந்தும். அதற்கே அதை விட்டுவைப்போம்.

"மணவடக்கம்" மீது எனக்கு ஈர்ப்பு உண்டு. ஒன்றனுள் ஒன்று உள்ளடங்குதல் என்னும் பொருள் பிளாக்ஸ்டனின் இணைவைச் சரியாகத் தருகிறது. நல்லடக்கம் என்ற வழக்கால் செனிகா ஃபால்ஸ் சொன்ன இறப்பையும் தொடுகிறது. ஆனால் தமிழில் அடக்கம் ஒரு பண்பு. திருக்குறளில் ஓர் அதிகாரமே அதற்கு உண்டு. வள்ளுவர் அதை எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். நம் வீடுகள் அதைப் பெண்ணுக்கே உரியதாக்கிவிட்டன. "அடக்கமான மருமகள்" என்ற தொடரின் நிழல் படாமல் ஒரு தமிழ் வாசகர் "மணவடக்கம்" என்பதைப் படிக்க மாட்டார். சட்டம் விதித்த ஒரு நிலை, பெண் கைக்கொண்ட ஒரு குணமாகத் திரிந்துபோகும். இந்த ஒரு காரணத்துக்காகவே இதை விடுகிறேன், வருத்தத்தோடு.

"ஒடுக்கம்" அந்த இடத்தை நிரப்பும் என்று நம்புகிறேன். ஒடுங்குதல் என்பது சுருங்கி மற்றொன்றினுள் அடைதல். சைவ சித்தாந்தத்தில் தோற்றம், நிலை, ஒடுக்கம் என்று மூன்றைச் சொல்கிறோம். அங்கே ஒடுக்கம் அழிவு அன்று. எதில் ஒடுங்கியதோ அதிலிருந்து மீண்டும் தோன்றும் என்பது சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவிலேயே உள்ள கருத்து. மனைவியின் சட்ட இருப்பும் இப்படித்தான் கருதப்பட்டது. கணவன் இறந்தால் அவள் மீண்டும் ஃபெம் சோல் ஆகிறாள். ஒப்பந்தம், வழக்கு, உயில் எல்லாம் அவளுக்குத் திரும்புகின்றன. நிறுத்திவைத்தல், உள்ளிணைதல் என்று பிளாக்ஸ்டன் இரண்டு சொற்களால் தடுமாறிச் சொன்னதை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. மறுபுறம், அதே வேரிலிருந்து ஒடுக்குதலும் ஒடுக்குமுறையும் கிளைக்கின்றன. அதிகாரத்தின் வாடை அடியோடு இல்லாத சொல்லாக இது இராது.

இதனால் ஒரு தரப்பின் முடிவை நாமே முன்கூட்டிச் சொன்னதாகாதா என்ற கேள்வி எழும். ஒடுங்கு என்னும் தன்வினையின் பெயர் ஒடுக்கம். முழங்கு முழக்கம் ஆவது போல. பிறவினையைக் குறிக்க ஒடுக்குதல், ஒடுக்குமுறை என்னும் வடிவங்கள் தனியே நன்கு நிலைபெற்றுள்ளன. எனவே "மணவொடுக்கம் ஓர் ஒடுக்குமுறையே" என்று ஒருவர் எழுதலாம். "மணவொடுக்கத்தினுள்ளும் பெண்கள் செயலாற்றினார்கள்" என்று மற்றொருவர் மறுக்கலாம். இரண்டு வாக்கியமும் பொருள் சிதையாமல் நிற்கின்றன. "கணவன்காப்பு", "சட்டமரணம்" ஆகியவற்றை இட்டு இதே இரண்டு வாக்கியங்களை எழுதிப் பாருங்கள். ஒன்று கூறியது கூறலாகும், மற்றொன்று முரணாகும். தென்மாவட்ட நண்பர்களுக்கு ஒடுக்கத்து வெள்ளி என்ற வழக்கால் கடைசி என்னும் பொருள் நினைவுக்கு வரலாம். தொடரில் வரும்போது அது குழப்பாது.

சொல்லின் எல்லையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடிமைப்பட்ட கறுப்பினப் பெண்களுக்கு இந்தச் சொல் பொருந்தாது; அவர்களுடைய மணத்தையே சட்டம் ஏற்கவில்லை. வெர்ஜீனியாவின் 1662ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என்றது. பொதுச் சட்டத்தில் தந்தைவழி வருவதெல்லாம் அவர்கள் விஷயத்தில் மட்டும், உடைமையாளருக்கு ஆதாயமாகுமாறு, தாய்வழியாக மாற்றப்பட்டது. மணமான பெண்களின் சொத்துரிமைக்கு முன்னோடியாகக் கொண்டாடப்படும் 1839ஆம் ஆண்டு மிசிசிப்பிச் சட்டத்தைத் திறந்து பார்த்தால், அதன் பெரும்பகுதி மனைவிக்கு உரிய அடிமைகளைப் பற்றியது. கணவனின் கடனுக்கு அவர்களைப் பறிகொடுக்காமல் காப்பதே அதன் நோக்கம். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அதே மாநில நீதிமன்றம், சிக்கசா என்னும் அமெரிக்கப் பழங்குடி இனத்துப் பெண்ணான பெட்சி லவ் ஆலனின் சொத்து சிக்கசா மரபின்படி அவருடையதே, கணவனின் கடன்காரர் தொட முடியாது என்று தீர்த்தது. அங்கும் சொத்து என்பது ஓர் அடிமை மனிதரே. வெள்ளைப் பெண்ணின் மணவொடுக்கம் தளர்ந்த வரலாறும் கறுப்பினப் பெண்ணின் விலங்கு இறுகிய வரலாறும் ஒரே சட்டப் பத்தியில் எழுதப்பட்டுள்ளன. ஸ்டெஃபனி ஜோன்ஸ்-ரோஜர்ஸ் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அடிமைகளை உடைமையாகக் கொண்ட வெள்ளைப் பெண்கள் அந்த உடைமையை எவ்வளவு உறுதியோடு நடத்தினார்கள் என்று காட்டியபோது, பெண்ணின் செயலாற்றலைக் கண்டெடுப்பதே பெண்ணிய வரலாற்றின் நிறைவு என்ற எண்ணம் ஆட்டம் கண்டது.

யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டிருந்தார்: யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்து இசைவு வேண்டும், அதுவும் மணவொடுக்கமா என்று. அன்று என்பேன். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழும் சீதனம் மனைவியுடையதாகவே நீடிக்கிறது. கட்டுப்பாடு விற்பனையின் மேல்தான். அவள் ஆள்நிலை கணவனுள் ஒடுங்கிவிடுவதில்லை. அதற்குக் "கணவன் இசைவுத் தேவை" என்று நேராகச் சொன்னால் போதும். இந்தியாவில் 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் வந்தது ஆங்கில மணவொடுக்கத்தின் பிடியைத் தளர்த்தவே. அதனால்தான் இந்து, முஸ்லிம் பெண்களுக்கு அது தொடக்கத்தில் பொருந்தவில்லை. மனைவி மக்களின் நன்மைக்காகக் கணவன் எடுக்கும் காப்பீட்டைப் பற்றிய ஆறாம் பிரிவு மட்டும் 1923இல் அவர்களுக்கும் விரிந்தது. ஆயுள் காப்பீட்டு முகவர்கள் இன்றும் எம்.டபிள்யூ.பி. பாலிசி என்று சொல்வது அந்தப் பிரிவைத்தான்.

கிளைச் சொற்களுக்கு வருகிறேன். ஃபெம் கவர்ட்: ஒடுங்குநிலை மனைவி. ஃபெம் சோல்: தனிநிலைப் பெண். பென்சில்வேனியா 1718இல், கடலோடிகளின் மனைவியர் கணவர் இல்லாத காலத்தில் சொந்தப் பொறுப்பில் வணிகம் செய்ய ஒரு சட்டம் இயற்றியது. அவர்களைத் தனிநிலை வணிகப் பெண்கள் எனலாம். லாரல் தாட்சர் அல்ரிச், கணவன் ஊரில் இல்லாதபோது அவன் இடத்தில் நின்று கொடுக்கல் வாங்கல் நடத்திய நியூ இங்கிலாந்து மனைவியருக்கு ஆண்ட "டெபுட்டி ஹஸ்பண்ட்" என்ற தொடரைப் "பதிற்கணவர்" என்று பெயர்க்கலாம். அது சட்டம் தந்த தகுதி அன்று, ஊர் வழக்கம் என்பதால், மணவொடுக்கம் என்ற தொகுதிக்குள் சேர்க்காமல் தனி உள்ளீடாக வைக்க வேண்டும்.

கடைசியாக, சொல்லைக் குடியுரிமைப் பகுதியிலும் இட்டுப் பார்த்தேன். 1907ஆம் ஆண்டுச் சட்டம், அயல்நாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் கணவனின் குடியுரிமையையே அடைவாள் என்றது. ஸ்காட்லாந்துக்காரரை மணந்ததால் கலிஃபோர்னியாவில் வாக்காளர் பதிவு மறுக்கப்பட்ட எத்தல் மக்கன்சியின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1915இல் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. 1922ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் அதை ஓரளவு மட்டுமே நீக்கியது. "சொத்தில் தளர்ந்துவிட்ட மணவொடுக்கம் குடியுரிமையில் புதிதாக இறுகியது" என்று எழுதினால் பொருள் தெளிவாகவே நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் தம் கைப்படியில் நான்கைந்து பத்திகளில் இதை இட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று இவ்விழையிலேயே எழுதினால், "ஒடுங்குநிலை மனைவி" என்பதைச் சுருக்க வேண்டுமா என்பதையும் அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.

அன்புடன்,
குழும உறுப்பினர் ஒருவர்